என்பிஏ டிராஃப்ட்: புது ஆட்டக்காரர் எந்த அணிக்குப் போவார் என்பதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? முழுமையான வழிகாட்டி

2025 பிப்ரவரியில், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஆடும் டல்லாஸ் மாவரிக்ஸ், அணியின் உயிர்நாடியாக இருந்த லூக்கா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். சீசன் முடிந்தபோது 39 வெற்றி, 43 தோல்வி, கோப்பைக்கான இறுதிக்கட்டப் போட்டியான பிளேஆஃபும் கைநழுவியது. மே மாதம் நடந்த லாட்டரியில் முதல் பிக், அதாவது புது ஆட்டக்காரரை முதலாவதாக எடுக்கும் உரிமை, கிடைக்க அந்த அணிக்கு இருந்த வாய்ப்பு வெறும் 1.8 சதவீதம். அது கிடைத்தே விட்டது. ஜூனில், டியூக் பல்கலைக்கழகத்தின் கூப்பர் ஃப்ளாக் டல்லாஸுக்குப் போனார். அதே லாட்டரியில், 82 ஆட்டங்களில் 65 தோற்று லீக்கிலேயே கடைசியாக வந்த யூட்டா ஜாஸ் ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது.

"கடைசியாக வந்த அணிக்குத்தானே முதல் உரிமை?" என்று புதிதாகப் பார்ப்பவர் கேட்பார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, புது ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுத்துக்கொள்ளும் டிராஃப்டை முழுவதுமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். படிப்படியாகப் போவோம்.

தொடங்கும் முன் தெரிய வேண்டியது

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்கள் முதலில் ஒன்றை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். டிராஃப்டில் விலை கேட்பதே கிடையாது. அணிகளுக்கு ஒரு வரிசை உண்டு. முறை வரும்போது, மிச்சம் இருப்பவர்களில் யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்த உரிமைதான் பிக். ஒருவரை ஓர் அணி எடுத்துவிட்டால், அவர் என்பிஏவில் ஆட அந்த அணியோடுதான் ஒப்பந்தம் பேச வேண்டும். வேறு அணி குறுக்கே வர முடியாது. முதல் சுற்றில் எடுக்கப்படுபவருக்குச் சம்பளமும் ஏறக்குறைய முன்பே எழுதிவைக்கப்பட்டதுதான்.

மோசமாக ஆடிய அணிக்கு முன்வரிசை, நன்றாக ஆடிய அணிக்குப் பின்வரிசை. பணம் படைத்த அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்று 1947இல் ஏற்படுத்தியது இது. அந்த முதல் டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்ட கிளிஃப்டன் மெக்னீலி, இந்த லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் பள்ளிக்கூடக் கோச்சாகப் போய்விட்டார்.

இந்த ஏற்பாட்டுக்கு விலை கொடுப்பவர் ஆட்டக்காரர். எந்த ஊரில் வாழ்வது, யாரிடம் வேலை செய்வது என்பதைத் தானே முடிவு செய்ய முடியாத தொழில் இது. ஆகவே ஆட்டக்காரர்களும் அவர்களுடைய ஏஜென்ட்களும் இதில் சந்து தேடுகிறார்கள், அணிகளும் தேடுகின்றன, லீக் ஒவ்வொரு சந்தாக அடைத்துக்கொண்டே வருகிறது. டிராஃப்ட் விதிகள் சிக்கலாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். எந்த விதியைப் பார்த்தாலும் "இது யாருடைய தந்திரத்தை அடைக்க வந்தது?" என்று கேளுங்கள். பாதி புரிந்துவிடும்.

இப்போது 30 அணிகள், இரண்டு சுற்று, கணக்குப்படி 60 பிக். ஆனால் விதி மீறிய அணிகளின் பிக்கை லீக் பறித்துவிடுவதால் சில ஆண்டுகளில் எண்ணிக்கை குறையும். 2025இல் 59தான். அப்போது வேறு அணியில் இருந்த ஜேலன் பிரன்சனிடம் அனுமதிக்கப்பட்ட நாளுக்கு முன்பே பேச்சுவார்த்தை தொடங்கியதற்காக நியூயார்க் நிக்ஸ் தன் இரண்டாம் சுற்று பிக்கை இழந்திருந்தது. ஒரு காலத்தில் 21 சுற்றுகள் வரைகூடப் போனதுண்டு. இரண்டு சுற்று என்பது 1989 முதல்.

படி 1: யாரெல்லாம் வரலாம்

டிராஃப்ட் நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 19 வயது நிறைய வேண்டும். அமெரிக்காவில் படித்தவர் என்றால், உயர்நிலைப் பள்ளி வகுப்பு முடிந்து ஓர் என்பிஏ சீசனாவது கழிந்திருக்க வேண்டும். ஃப்ளாக் பிறந்தது 2006 டிசம்பர் 21. டிராஃப்ட் அன்று அவருக்கு 18 வயதுதான். ஆண்டு முடிவதற்குள் 19 ஆகிவிடும் என்பதால் தகுதி பெற்றார்.

இந்த வயது விதிக்கு ஒரு நீண்ட கதை உண்டு. முன்பு, பள்ளி முடித்து நான்கு ஆண்டுகள் ஆகாதவரை எடுக்கவே கூடாது. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயத்தில் இருந்த ஸ்பென்சர் ஹேவுட் அதை எதிர்த்து வழக்குப் போட்டு, 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். அந்தக் கதவு திறந்ததால்தான் பின்னாளில் கெவின் கார்னெட் 1995இலும், கோபி பிரயன்ட் 1996இலும், லெப்ரான் ஜேம்ஸ் 2003இலும் பள்ளியிலிருந்து நேராக வந்தார்கள். 2005இல் லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட ஒப்பந்தம் அந்தக் கதவைப் பாதி மூடியது. அடுத்த ஆண்டு டிராஃப்டிலிருந்து 19 வயது விதி நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயதுக்காரரை மதிப்பிடுவதில் அணிகள் சறுக்கின என்பது உண்மை. ஆனால் அந்தச் சறுக்கலுக்கான செலவை ஆட்டக்காரரின் ஓராண்டுச் சம்பளத்திலிருந்து எடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நான்கு ஆண்டு கல்லூரியில் ஆடி முடித்தவர்கள் தாமாகவே தகுதி பெறுகிறார்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு 22 வயது ஆகும் ஆண்டில் அதே நிலை. அதற்கு முன்னரே வர விரும்புவோர் டிராஃப்டுக்குக் குறைந்தது 60 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்துவிட்டு, அணிகள் என்ன சொல்கின்றன என்று பார்த்து, திரும்பவும் கல்லூரிக்கே போகலாம். அதற்குக் கல்லூரி விளையாட்டு அமைப்பு ஒரு கெடு வைத்திருக்கிறது. என்பிஏ வைத்திருக்கும் கெடு டிராஃப்டுக்குப் பத்து நாள் முன்பு. 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் புகழையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றான பிறகு, இந்தத் திரும்பிப் போகும் கூட்டம் கூடிவிட்டது. இரண்டாம் சுற்றில் நிச்சயமில்லாத வேலையைவிட, கல்லூரியில் இன்னோர் ஆண்டு ஆடினால் கூடுதல் பணம் என்கிற நிலை பலருக்கு.

படி 2: அளவு, ஆட்டம், மருத்துவம்

மே மாதம் சிகாகோவில் டிராஃப்ட் கம்பைன் நடக்கும். காலணி இல்லாமல் உயரம், கைகளை விரித்தால் விரல் நுனியிலிருந்து நுனி வரை நீளம், நின்றபடி கையைத் தூக்கினால் எட்டும் உயரம், தாவல், முக்கால் மைதான ஓட்டம் எல்லாவற்றையும் அளப்பார்கள். கூடைப்பந்தில் உயரத்தைவிடக் கை நீளத்துக்குத்தான் ஸ்கவுட்கள் (அணிகளுக்காக ஆள் தேடுபவர்கள்) அதிகம் கண் வைக்கிறார்கள். எதிராளியின் வீச்சைத் தடுப்பது தலை இல்லையே, கைதானே.

எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்? 2007இல் கெவின் டுரான்ட் 185 பவுண்டு எடையை ஒரு முறைகூடத் தூக்க முடியாமல் நின்றார். சியாட்டில் அவரை இரண்டாவதாக எடுத்தது. அவ்வாண்டின் சிறந்த புதுமுகமும் அவரே, 2014இல் சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருதான எம்விபியும் அவருக்கே. அதே டிராஃப்டில் போர்ட்லாந்து முதலாவதாக எடுத்த கிரெக் ஓடன், முழங்கால் காயங்களால் வாழ்நாளில் மொத்தம் 105 ஆட்டங்களே ஆடினார். தூக்கும் எடையைவிட மருத்துவ அறிக்கை முக்கியம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

அந்த மருத்துவ அறிக்கைதான் ஏஜென்ட்கள் கையிலிருந்த ஆயுதமும். பிடிக்காத ஊர் அணிக்கு அறிக்கையைக் காட்ட மாட்டார்கள், தனிப் பயிற்சிக்கும் ஆளை அனுப்ப மாட்டார்கள். பயந்துபோய் அந்த அணி ஒதுங்கிக்கொள்ளும். 2023இல் கையெழுத்தான ஒப்பந்தம், அழைக்கப்பட்டவர்கள் கம்பைனுக்கு வந்து மருத்துவப் பரிசோதனை செய்துகொள்வதைக் கட்டாயமாக்கியது. தனிப் பயிற்சிக்கு வர மறுக்கும் உரிமை இன்னும் இருக்கிறது.

இதெல்லாம் மேலோட்டம். உண்மையான வேலை அதற்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடும். கிரேக்கத்தில் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த ஒல்லிப் பையனைப் பார்க்க ஸ்கவுட்கள் சின்ன அரங்குகளுக்குப் போய் உட்கார்ந்தார்கள். 2013இல் மில்வாக்கி அவரை 15ஆவதாக எடுத்தது. அவர்தான் யானிஸ் அன்டெடொகௌன்ம்போ. 2021இல் மில்வாக்கிக்குக் கோப்பை வாங்கித் தந்தவர்.

படி 3: வரிசை எப்படி அமைகிறது

டிராஃப்டின் இதயம் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆரம்பத்தில், தன் ஊர்ப் பக்கத்துக் கல்லூரி நட்சத்திரத்தை முதல் சுற்று உரிமையை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே எடுத்துக்கொள்ள அணிக்கு வழி இருந்தது. உள்ளூர்ப் பையன் ஆடினால் டிக்கெட் விற்கும் என்பது கணக்கு. வில்ட் சேம்பர்லின் கல்லூரியில் ஆடியது கான்சாஸில் என்றாலும், ஃபிலடெல்ஃபியாவில் வளர்ந்தவர் என்பதால் 1959இல் அப்படித்தான் ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸுக்கு வந்தார். 1966இல் அதை ஒழித்துவிட்டு, இரண்டு பிரிவிலும் கடைசியாக வந்த அணிகளுக்கு இடையே காசு சுண்டிப் போட்டு முதல் பிக்கை முடிவு செய்தார்கள்.

இதில் ஒரு கோளாறு. கடைசி இடம் பிடித்தாலே முதல் பிக் கிடைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஹூஸ்டன் 1983இல் ரால்ஃப் சாம்சனையும் 1984இல் ஹக்கீம் ஒலாஜுவானையும் அடுத்தடுத்து முதல் பிக்கில் அள்ளியதும், வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்று குரல் எழுந்தது. அதன் விளைவுதான் 1985இல் வந்த லாட்டரி.

பிளேஆஃபுக்கு வராத ஏழு அணிகளின் பெயரையும் ஏழு உறைகளில் போட்டு, உருளையில் சுற்றி, லீக்கின் தலைவரான ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் கையை விட்டு எடுத்தார். நியூயார்க் நிக்ஸுக்குப் பாட்ரிக் யூயிங் கிடைத்தார். அந்த உறையைக் குளிரூட்டி வைத்திருந்தார்கள், ஓரம் மடங்கியிருந்தது என்று இன்றுவரை பேசுகிறார்கள், யாரும் நிரூபித்ததில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அன்று கடைசியாக வந்தது யார் என்பது. இந்தியானாவோடு சேர்ந்து லீக்கிலேயே மோசமான கணக்கு வைத்திருந்த கோல்டன் ஸ்டேட்டுக்குக் கிடைத்தது ஏழாவது இடம். எல்லா உறைக்கும் சம வாய்ப்பு என்றால் இப்படித்தான் ஆகும். உடனே அதற்கு ஓர் ஒட்டு: 1987 முதல் முதல் மூன்று இடத்துக்கு மட்டுமே குலுக்கல். 1990இல் இன்னோர் ஒட்டு: மோசமான அணிக்கு 11 பந்து, லாட்டரியில் இருப்பவற்றில் நல்ல அணிக்கு ஒரு பந்து, மொத்தம் 66.

1993இல் 41 வெற்றி, 41 தோல்வியோடு வந்த ஆர்லாண்டோவின் அந்த ஒற்றைப் பந்தே எழும்பியது. முந்தைய ஆண்டுதான் அதே அணி முதல் பிக்கில் ஷகீல் ஓ'நீலை எடுத்திருந்தது. மற்ற அணிகள் சும்மா இருக்குமா? அடுத்த ஆண்டே கடைசி அணியின் வாய்ப்பு 25 சதவீதமாக உயர்ந்தது. சரி, இப்போது மறுபக்கம் சாய்ந்துவிட்டது. ஃபிலடெல்ஃபியா 2013 முதல் சில சீசன்கள் தோல்வியையே திட்டமாக வைத்து ஆடியது. ரசிகர்களே அதற்கு ஒரு பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். அதைக் கண்டு லீக் மறுபடி தராசைச் சாய்த்தது.

2019இல் வந்த அந்த முறைதான் 2025 லாட்டரியில் யூட்டாவைக் கீழே தள்ளியது. அந்த முறையில் லாட்டரியில் 14 அணிகள். கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம், நான்காவதுக்கு 12.5, ஐந்தாவதுக்கு 10.5 என்று இறங்கி, பதினான்காவது அணிக்கு 0.5 சதவீதம். குலுக்கல் முதல் நான்கு இடங்களுக்கு மட்டும். மிச்சமுள்ளவர்கள் தோல்விக் கணக்குப்படி வரிசையில் நிற்பார்கள். அதனால் கடைசி அணி எவ்வளவு கெட்ட நேரத்திலும் ஐந்தாம் இடத்துக்குக் கீழே போகாது. ஆனால் அந்த ஐந்தாம் இடத்துக்குப் போகும் வாய்ப்பு மட்டும் 47.9 சதவீதம். 2019 முதல் 2025 வரை ஏழு லாட்டரிகளில் கடைசி அணிக்கு ஒருமுறைகூட முதல் பிக் கிடைக்கவில்லை. டெட்ராய்ட் 2023, 2024 இரண்டு ஆண்டும் கடைசியாக வந்து, இரண்டு ஆண்டும் ஐந்தாவதாகத்தான் எடுத்தது.

குலுக்கல் நடக்கும் அறையைப் பார்ப்போம். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது உறை பிரிப்பதை மட்டும்தான். உண்மையான குலுக்கல் அதற்கு முன்பே பூட்டிய அறையில் முடிந்துவிடும். அணிகளின் பிரதிநிதிகள், சில பத்திரிகையாளர்கள், தணிக்கை நிறுவனத்தார் உள்ளே இருப்பார்கள். கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். நிகழ்ச்சி முடியும்வரை யாரும் வெளியே போக முடியாது. இயந்திரத்தில் 1 முதல் 14 வரை எண் போட்ட பிங்பாங் பந்துகள். இருபது நொடி குலுங்கிய பின் முதல் பந்து. அப்புறம் பத்துப் பத்து நொடிக்கு ஒன்றாக மூன்று பந்துகள். நேரம் பார்ப்பவர் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கையைத் தூக்கிச் சைகை செய்வார். எந்தப் பந்து மேலே வருகிறது என்று அவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக.

பதினான்கு பந்தில் நான்கை எடுத்தால், எடுக்கும் வரிசையைக் கணக்கில் கொள்ளாமல், 1,001 சேர்க்கைகள் வரும். ஒன்றை ஒதுக்கிவிட்டு 1,000 சேர்க்கைகளை முன்பே அணிகளுக்குப் பங்கு போட்டிருப்பார்கள். 14 சதவீதம் என்றால் கையில் 140 சேர்க்கைகள். வந்த நான்கு எண் யாருடைய பட்டியலில் இருக்கிறதோ, முதல் பிக் அவர்களுக்கு. பந்துகளைத் திருப்பிப் போட்டு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது இடத்துக்கும் இதே மாதிரி. ஏற்கெனவே வென்ற அணியின் எண் மறுபடி வந்தால் அது செல்லாது; மீண்டும் குலுக்க வேண்டும்.

டல்லாஸின் 1.8 எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டல்லாஸும் சிகாகோவும் ஒரே வெற்றிக் கணக்கில் முடித்தன. அந்த இரண்டு இடங்களுக்கும் உரியது 20ம் 15ம் சேர்ந்து 35 சேர்க்கைகள். சமமாகப் பிரித்தால் தலைக்கு 17, ஒன்று மிச்சம். அந்த மிச்சம் டல்லாஸுக்குப் போனதால் 18.

பிளேஆஃபுக்குப் போன 16 அணிகளுக்கு 15 முதல் 30 வரை, சீசன் கணக்கைத் தலைகீழாக வைத்து வரிசை. கோப்பை வென்ற அணிதான் கடைசி என்று நினைத்துவிட வேண்டாம். சீசனில் அதிகம் வென்ற அணிதான் 30ஆவது. இரண்டாம் சுற்றில் லாட்டரியே இல்லை. கடைசி அணிக்கு 31ஆவது பிக் நிச்சயம்.

படி 4: பிக் என்பது பணம்

இத்தனை பாடுபட்டு வரிசை அமைத்த பிறகும், அன்று மேடையில் எடுக்கும் அணி பல சமயம் வேறாக இருக்கும். காரணம், பிக்குகளை அணிகள் கைமாற்றுகின்றன. ஏழு ஆண்டு தள்ளி வரப்போகும் பிக்கைக்கூட இன்றே கொடுக்கலாம்.

செய்திகளில் "முதல் ஐந்துக்குப் பாதுகாப்பு உள்ள பிக்" என்று வரும். கொடுத்த அணியின் பிக் அந்த ஆண்டு முதல் ஐந்துக்குள் விழுந்தால் அதைத் தானே வைத்துக்கொள்ளும். ஆறு அல்லது அதற்குக் கீழே என்றால் போய்விடும். 2018இல் அட்லாண்டா மூன்றாவதாக லூக்கா டான்சிச்சை எடுத்து டல்லாஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு டல்லாஸ் ஐந்தாவதாக எடுத்த டிரே யங்கையும், இப்படிப் பாதுகாப்புப் போட்ட 2019 பிக்கையும் வாங்கிக்கொண்டது. அந்தப் பிக் 10ஆவதாக விழுந்ததால் அட்லாண்டாவிடம் வந்து சேர்ந்தது.

பிக்கை ஒட்டுமொத்தமாக விற்றுத் தின்றுவிடாமல் இருக்க ஒரு வேலி உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து உரிமையாளர் டெட் ஸ்டெபியன் முதல் சுற்று பிக்குகளை அள்ளி இறைத்து அணியைக் காலி செய்தார். அதனால் வந்த விதிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது: வரப்போகும் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் முதல் சுற்று பிக் ஒன்றுகூட இல்லாத நிலைக்கு ஓர் அணி போகக் கூடாது.

இந்த வேலியையும் தாண்ட வழி கண்டுபிடித்தார்கள். 2013இல் புரூக்ளின், வயதான கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் வாங்க பாஸ்டனுக்கு என்ன கொடுத்தது என்று பாருங்கள்: 2014, 2016, 2018 பிக்குகள். ஓராண்டு விட்டு ஓராண்டு! 2017 பிக்கைக் கொடுக்க முடியாது. அதற்குப் பதில், 2017இல் விரும்பினால் தன் பிக்கோடு மாற்றிக்கொள்ளும் உரிமையைப் பாஸ்டன் வாங்கிக்கொண்டது. வயதான நட்சத்திரங்கள் தேய்ந்தார்கள், புரூக்ளின் சரிந்தது, அதன் பிக்குகள் மேலே ஏறின. 2016இல் கிடைத்த மூன்றாவது பிக்கில் பாஸ்டன் ஜேலன் பிரவுனை எடுத்தது. 2017இல் புரூக்ளின் பிக் லாட்டரியில் முதலாவதாகவே வந்தது. பாஸ்டன் அதை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து, மூன்றாவது பிக்கோடு இன்னொரு முதல் சுற்று பிக்கையும் வாங்கி, ஜேசன் டேட்டமை எடுத்தது. 2024இல் இந்த இருவரையும் முன்னிறுத்தித்தான் பாஸ்டன் கோப்பை வென்றது. பதினொரு ஆண்டு கழித்துப் பழுத்த மரம். ஒரு டிரேடைப் (அணிகளுக்கு இடையேயான கைமாற்றத்தை) படிக்கும்போது எந்த ஆட்டக்காரர் போனார் என்பதோடு எந்தெந்த ஆண்டு பிக், என்ன பாதுகாப்பு என்பதையும் பாருங்கள். உண்மையான விலை அங்கேதான் இருக்கும்.

படி 5: டிராஃப்ட் இரவு

ஜூன் கடைசி வாரம், புரூக்ளினில் உள்ள பார்க்லேஸ் சென்டர். அங்கே இரவு 8 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 5.30. 2024 முதல் இரண்டு நாளாகப் பிரித்துவிட்டார்கள்: முதல் நாள் முதல் சுற்று, மறுநாள் இரண்டாவது. முதல் சுற்றில் ஒரு பிக்குக்கு ஐந்து நிமிடம், இரண்டாம் சுற்றில் நான்கு. முதல் சுற்றுப் பெயர்களை ஆணையர் ஆடம் சில்வர் படிப்பார், இரண்டாம் சுற்றைத் துணை ஆணையர் மார்க் டேட்டம்.

முடிவு எடுப்பவர்கள் அரங்கில் இருப்பதில்லை. அவரவர் ஊர் அலுவலகத்தில், தரவரிசைப் பலகைக்கு முன் உட்கார்ந்து ஃபோனில் பேசிக்கொண்டிருப்பார்கள். முன்னணியில் இருக்கும் இருபது சொச்சம் பேர் மட்டும் அழைப்பின் பேரில் குடும்பத்தோடு மேடைக்கு முன் மேசைகளில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த இடம் கொடுமையானதும்கூட. 1998இல் ஹூஸ்டன் பக்கத்துப் பள்ளிப் பையன் ரஷார்ட் லூயிஸ் அங்கே உட்கார்ந்திருந்தார். ஹூஸ்டனுக்கு முதல் சுற்றில் மட்டும் மூன்று பிக். மூன்றிலும் வேறு பெயர். மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாக, கேமரா முன்னாலேயே அவர் அழுதார். 32ஆவதாக சியாட்டில் எடுத்தது. பின்னாளில் இரண்டு முறை ஆல்ஸ்டார் ஆனார்.

இன்னொன்று புதியவர்களைக் குழப்பும்: தொப்பி. மேடையேறுபவர், பெயரைப் படித்த அணியின் தொப்பியைத்தான் போட வேண்டும், பின்னணியில் டிரேட் பேசி முடித்திருந்தாலும். லீக் ஒப்புதல் வரும்வரை டிரேட் அதிகாரப்பூர்வம் ஆகாது. கோபி பிரயன்ட் 13ஆவதாக எடுக்கப்பட்டு சார்லட் தொப்பியோடு சிரிக்கும் படம் அதனால்தான் இருக்கிறது. லேக்கர்ஸ் ஆட்டக்காரர் விலாடே டிவாட்ஸுக்கு ஈடாக கோபி அந்த அணிக்கு என்பது அப்போதே பேசிய பேச்சு.

படி 6: ஒப்பந்தம்

1994இல் முதலாவதாக எடுக்கப்பட்ட கிளென் ராபின்சன் 10 கோடி டாலர் கேட்டு அடம்பிடித்து, கடைசியில் பத்து ஆண்டுக்கு 6.8 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். ஓர் ஆட்டம்கூட ஆடாதவருக்கு இவ்வளவா என்று மூத்த ஆட்டக்காரர்களே முகம் சுளித்தார்கள். அடுத்த ஆண்டே முதல் சுற்றுக்குச் சம்பள அட்டவணை வந்துவிட்டது.

இன்று, பிக் எண்ணுக்கு ஏற்ப அட்டவணையில் ஒரு தொகை இருக்கும். அதில் 80 முதல் 120 சதவீதம் வரை கொடுக்கலாம். கிட்டத்தட்ட எல்லாரும் 120ஐ வாங்கிவிடுகிறார்கள். முதல் இரண்டு ஆண்டு உறுதி, அடுத்த இரண்டு ஆண்டு அணியின் விருப்பம். ஃப்ளாக்கின் முதல் ஆண்டுச் சம்பளம் சுமார் 1.38 கோடி டாலர். 30ஆவதாக வருபவருக்கு 30 லட்சம் டாலருக்கும் குறைவு. நல்ல புதுமுகம் கிடைத்த அணி நான்கு ஆண்டு மலிவாக ஓட்டுகிறது. அந்த மிச்சத்தில்தான் மற்ற நட்சத்திரங்களை வாங்குகிறது. நான்கு ஆண்டு முடிந்தாலும் முழுச் சுதந்திரம் உடனே இல்லை: வேறு அணி கொடுக்கும் தொகையைத் தானும் கொடுத்து அவரைத் தக்கவைக்கும் உரிமை பழைய அணிக்கு உண்டு.

இரண்டாம் சுற்றில் அட்டவணையும் இல்லை, உறுதியும் இல்லை. அணி ஒப்பந்தம் கொடுத்தால்தான் உண்டு. இந்தியாவில் பிறந்து என்பிஏ டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் ஆட்டக்காரர், பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துச் சத்னாம் சிங், 2015இல் டல்லாஸின் 52ஆவது பிக். அந்த அணியின் துணை லீக் அணியில் ஆடினார். என்பிஏ ஆட்டத்தில் இறங்கும் வாய்ப்பு வரவே இல்லை. அதே சுற்றின் மறுமுனை நிகோலா யோகிச். 2014இல் 41ஆவதாக டென்வர் அவரை எடுத்தபோது தொலைக்காட்சியில் டாகோ பெல் என்ற உணவகத்தின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் திரையின் அடியில் ஒரு வரியாகப் போனது. அவர் செர்பியாவில் தூங்கிக்கொண்டிருந்தார். அணி அவரை உடனே அழைத்துக்கொள்ளவும் இல்லை. உரிமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இன்னோர் ஆண்டு அங்கேயே ஆட விட்டது. அதன் பிறகு மூன்று முறை எம்விபி. சான் அன்டோனியோ 1999இல் 57ஆவதாக எடுத்த மனு ஜினோபிலியும் 2002இல்தான் வந்து சேர்ந்தார்.

படி 7: பெயர் வராதவர்களுக்கு

கடைசி பிக் முடிந்த அடுத்த நிமிடமே ஏஜென்ட்களின் ஃபோன் அடிக்கத் தொடங்கும். எடுக்கப்படாதவர் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. பிடித்த அணியோடு பேசலாம். எனவே சிலர் இரண்டாம் சுற்றின் கடைசியில் எடுக்கப்படுவதைவிட எடுக்கப்படாமல் இருப்பதையே விரும்புகிறார்கள். 2021இல் ஆஸ்டின் ரீவ்ஸ் தரப்பு, எடுக்க முன்வந்த அணியை வேண்டாம் என்று தடுத்துவிட்டு, இடம் இருந்த லேக்கர்ஸைத் தேர்ந்துகொண்டது. ஒரு டிராஃப்டில் ஆட்டக்காரர் தன் ஊரைத் தானே தேர்ந்தெடுக்கும் இடம் அநேகமாக இது ஒன்றுதான்.

இவர்களில் பலருக்குக் கிடைப்பது இருவழி ஒப்பந்தம். ஓர் அணிக்கு இப்படி மூன்று இடம். சீசனில் அதிகபட்சம் 50 என்பிஏ ஆட்டங்களுக்கு அணியில் இருக்கலாம், மற்ற நாள் என்பிஏவின் துணை லீக்கான ஜி லீக்கில். சம்பளம், புதுமுகத்தின் குறைந்தபட்சத்தில் பாதி. ஃபிரெட் வான்வ்லீட் 2016இல் எடுக்கப்படாதவர். 2019இல் டொரன்டோ கோப்பை வென்றபோது கடைசி ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் பந்து அவர் கையில் இருந்தது.

பின்தொடர விரும்பினால்

நவம்பரிலிருந்தே கல்லூரி ஆட்டங்களையும் ஐரோப்பிய லீக்குகளையும் கொஞ்சம் பாருங்கள். மார்ச் மாதக் கல்லூரிப் போட்டியை மட்டும் பார்த்து ஒருவரை எடைபோட வேண்டாம். ஒற்றை ஆட்டத்தில் வெளியேறும் போட்டி அது, நல்லவரும் ஒரு நாள் சறுக்குவார். ஏப்ரலில் தோல்விக் கணக்கையும் எந்த அணியின் பிக் யாரிடம் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மேயில் லாட்டரி, கம்பைன். ஜூனில் டிராஃப்ட். ஜூலையில் லாஸ் வேகஸ் கோடைக்கால லீக், புதியவர்கள் முதன்முதலில் அணி உடையில் ஆடுவது பெரும்பாலும் அங்கேதான். அங்கே எத்தனை புள்ளி எடுத்தார் என்பதைப் பார்ப்பதைவிட, தற்காப்பில் சரியான இடத்தில் நிற்கிறாரா, பந்து கையில் இல்லாதபோது என்ன செய்கிறார் என்று பாருங்கள். முதல் சீசனின் இரண்டாம் பாதியில் கோச் அவரைக் கடைசி ஐந்து நிமிடம் களத்தில் வைத்திருக்கிறாரா என்பது அதைவிட நல்ல அளவுகோல். முழுத் தீர்ப்புக்கு மூன்று, நான்கு ஆண்டு பொறுக்க வேண்டும். மறுநாள் காலையே பத்திரிகைகள் போடும் மதிப்பெண்களை நம்பாதீர்கள்.